துலுக்காத கிடாய்

சடையனுக்கு யோபு என்று பெயர் வைத்தவர் போதகர் பாக்கியநாதன் ஐயா. அந்தப் பழியை என் வீட்டுக்காரர் தலையில் கட்டுகிறவர்கள் எடப்பாடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மாசிலாமணி, கருங்கல்மேட்டுச் சபைக்கு வெறும் உபதேசியார். கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணுவது, அது முடிகிறவரை யாரும் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் அவர் வேலை. தண்ணீர் ஊற்றிப் பெயர் வைக்கிற அதிகாரம் சங்ககிரியிலிருந்து சைக்கிளில் வரும் போதகர் ஐயாவுக்கு மட்டுமே உண்டு. நான் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். பள்ளிக்கூடமும் கோயிலும் ஒரே ஓலைக் கொட்டகைதான். வாரம் முழுக்கப் பிள்ளைகள் அதில் கத்துவார்கள், ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கத்துவார்கள்.

ஞானஸ்நானம் நடந்தது ஒரு தை மாதத்து விடியற்காலையில். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம். ஊரில் பாதி வாலிபர்கள் அங்கே கல் சுமக்கப் போயிருந்தார்கள், சடையன் போகவில்லை. அவனுக்குக் கொஞ்சம் மேட்டுக்காடும், ஒரு கிணறும், ஒரு ஜோடி மாடும், குப்பாயி என்று ஒரு மனைவியும் இருந்தார்கள். இவற்றில் எதை விட்டுவிட்டுப் போனாலும் திரும்பி வரும்போது இருக்காது என்று அவனுக்குப் பயம்.

"என்ன பெயர் வேண்டும்?" என்று போதகர் ஐயா கேட்டார்.

"சாமி பாத்து நல்ல பேரா வைங்க" என்றான்.

அக்கம்பக்கத்துச் சபைகளில் பேதுருவும் யோவானும் ஏற்கெனவே மந்தையாகப் பெருகிப் போயிருந்தார்கள். ஒரு பேதுருவுக்குச் சொன்ன சேதி வேறொரு பேதுருவுக்குப் போய், அதில் ஒரு கல்யாணமே நின்றிருக்கிறது. ஆகவே ஐயா யாருக்கும் வைக்காத பெயராக யோசித்து, "யோபு" என்று சொல்லி, செம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீரை அவன் உச்சந்தலையில் கவிழ்த்தார்.

தை மாதத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அங்கே குளித்தவர்களுக்குத் தெரியும். சடையன், அதாவது யோபு, தலையிலிருந்து கால்வரை ஓர் உதறு உதறினான். ஐயாவின் மூக்குக் கண்ணாடி நனைந்து போயிற்று. வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் ஒரே குரலில், "துலுக்கிட்டான்டோய்!" என்று கூவினார்கள். முனியப்பன் கோயில் பூசாரி அருணகிரி, "செரி, அவரு எடுத்துக்கிட்டாரு. வாங்கடா போலாம்" என்று எல்லாரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முனியப்பனுக்குக் கிடாய் வெட்டுவதற்கு முன்னால் அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லாரும் காத்திருப்பார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். இதற்குத்தான் துலுக்குவது என்று பெயர். துலுக்காத வரையில் யாரும் அரிவாளைத் தொடமாட்டார்கள். பொழுது போனாலும் சரி, பசியில் உயிர் போனாலும் சரி, கிடாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் இடுப்பில் இருந்த ரூத்தும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். அவளுக்கு அப்போது மூன்று வயது. அந்த வருஷம் ஆடியில் ஊருக்குள் வாந்திபேதி வந்தது, ரூத்து போய்விட்டாள். நான் சோறு தண்ணீர் இல்லாமல் முழங்காலில் கிடந்து கெஞ்சினேன். கேட்கப்படவில்லை. அதற்குப் பிறகு நான் கோயிலில் எல்லாரோடும் எழுந்து நிற்பேன், உட்காருவேன், பாட்டுப் புத்தகத்தையும் விரித்துப் பிடிப்பேன். வாயை மட்டும் திறக்கமாட்டேன். ஆண்டவரிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. உபதேசியார் பெண்டாட்டி என்பதால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

யோபுவின் சங்கதிக்கு வருகிறேன். அவன் பெயருக்குச் சொந்தக்காரரின் கதை அவனுக்குப் பெயர் வைத்தபோது தெரியாது. சில மாதம் கழித்து என் வீட்டுக்காரர் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். மாடு போனது, ஒட்டகம் போனது, பிள்ளைகள் போனது, உடம்பெல்லாம் கொப்புளம் வந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த யோபுவின் முகம் வெளுத்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் வாசலில் வந்து வழிமறித்தான்.

"ஏனுங்க, இது என்ற பேர்க்காரரு கதைங்களா?"

"ஆமாம். ஆனால் கடைசியில் எல்லாம் இரண்டு பங்காகத் திரும்பிக் கிடைத்ததே, அதையும் சொன்னேனே."

"கடைசி செரிங்க. நடுவுல இருக்கறது அத்தனையும் நடக்குமுங்களா?"

பெயரை மாற்றித் தரச் சொல்லி அவன் சங்ககிரிவரை நடந்தே போனான். ஞானஸ்நானப் பெயர் சட்டை இல்லை, கழற்றி மாட்ட முடியாது என்று போதகர் ஐயா சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வந்த வாரத்திலேயே ஒரு மாடு செத்தது. அடுத்த கோடையில் கிணறு வற்றியது. அதற்கடுத்தாற்போல் முழங்கையில் ஒரு வேனற்கட்டி வந்தது. மாட்டுக்கும் கிணற்றுக்கும் அழாதவன் அந்தக் கட்டியைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதான். ஊரில் எல்லாருக்கும்தான் கிணறு வற்றியது, எல்லாருக்கும்தான் கட்டி வந்தது. ஆனால் அவனுக்கு மட்டும் அது பேர் பார்த்து வந்தது.

இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவன் வராமல் இருந்ததில்லை. வந்து முதல் வரிசையில் உட்காருவான். முடிந்ததும் என் வீட்டுக்காரரிடம், "இன்னும் எத்தனை பாக்கி இருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

குப்பாயி சபையில் சேரவில்லை. வேலிவரைக்கும் வருவாள், உள்ளே வரமாட்டாள். நான் ஒருமுறை அழைத்தபோது, "ஊட்டுல ஒருத்தராவது பழைய சாமிகிட்டப் பழக்கம் உடாம இருக்கோணுமுங்க டீச்சரம்மா. நாளைக்கி ஒண்ணுன்னா யாரு போயிப் பேசறது?" என்றாள். அதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

மழை பொய்த்த இரண்டாவது வருஷம், பங்குனியில் அறுப்பின் பண்டிகை வந்தது. அந்த வருஷம் அறுப்பு இல்லை, பண்டிகை மட்டும் இருந்தது. சேலத்திலிருந்து வெள்ளைக்காரத் துரை எல்லாச் சபைகளுக்கும் தேதி போட்டு அனுப்பிவிட்டார். வானத்தைக் கேட்டா தேதி போடுவார்கள்? போதகர் ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஜனங்கள் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து பீடத்தில் படைக்க வேண்டும், பிறகு அதை ஏலம் விட வேண்டும். விளையாத வருஷத்தில் எதைக் கொண்டுவருவது? ஒரு வீட்டில் முருங்கைக்கீரை. ஒரு வீட்டில் விளக்குமாறு. ராசப்பன் என்கிற கிழவன், தன் காட்டில் விளைந்தது இதுதான் என்று சொல்லி ஒரு கருங்கல்லைத் தூக்கிவந்து பீடத்தில் வைத்தான். ஐயா அதையும் ஆசீர்வதித்தார். இருந்ததில் உருப்படியான பொருள் ஒரு பூசணிக்காய்தான். அது எங்கள் கொல்லையில் நான் பாத்திரம் கழுவின தண்ணீர் விட்டு வளர்த்தது.

அப்போதுதான் யோபு ஒரு கருங்கிடாயை இழுத்துக்கொண்டு வந்தான். ஊரில் மிச்சம் இருந்த நல்ல கிடாய் அது ஒன்றுதான். கழுத்தில் அரளிப்பூ மாலை. இன்னொரு கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு.

ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உள்ளே கொண்டு வா, யோபு!" என்றார்.

"இருங்க சாமி" என்ற யோபு, கோயில் வாசலில் கிடாயை நிறுத்தி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, செம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து கைகட்டி நின்றான்.

என்ன நடக்கிறது என்று ஐயாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "இது என்ன அஞ்ஞானம்! நம்முடைய ஆண்டவர் ஆட்டிடம் பதில் சொல்லி அனுப்பமாட்டார்."

"பின்ன யாருகிட்டச் சொல்லி அனுப்புவாருங்க?" என்றான் யோபு. கோபமாகக் கேட்கவில்லை, விசாரித்தான். "என்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்களே. மாடு போனப்பக் கேட்டேன். கெணறு போனப்பக் கேட்டேன். அவரு என்னை வெச்சிருக்காரா, உட்டுட்டாரான்னு தெரிஞ்சாப் போதுமுங்க. இன்னிக்கி இது துலுக்குனா இருக்கேன். துலுக்கலீன்னா போயிர்றேன். வேண்டாங்கறவரு ஊட்டு வாசல்ல வலிய நிக்கறது மருவாதி இல்லீங்களே."

"இந்தப் புத்தியை உனக்கு யார் கொடுத்தது?"

யோபு என் வீட்டுக்காரரைக் கை காட்டினான்.

முந்தின மாதம் அவர் கிதியோனைப் பற்றிப் பிரசங்கம் பண்ணியிருந்தார். ஆண்டவர் தன்னோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, ஆட்டு ரோமத்தைக் களத்தில் போட்டு, அது நனைகிறதா காய்கிறதா என்று பார்த்தவன் கிதியோன். "அங்கியும் ஆட்டு மசுரு, தண்ணி. இங்கியும் ஆட்டு மசுரு, தண்ணி. அவரு மசுரை மட்டும் வெச்சுக் கேட்டாருங்க. நான் முழு ஆட்டையே வெச்சுக் கேக்கறேன்" என்றான் யோபு. ஐயா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கோயில் கூரையைப் பார்த்தார்.

கிடாய் நின்றது. தண்ணீர் அதன் தாடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அது எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, அசைபோட்டது.

ஆராதனை பாதியில் நின்றுபோயிற்று. உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். வேலியோரம் இருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். வேதக்கோயிலில் கிடாய் துலுக்கவில்லை என்ற சேதி எப்படிப் போயிற்றோ, கொஞ்ச நேரத்தில் ஊரே திரண்டுவிட்டது. எங்கள் கோயிலுக்கு அவ்வளவு கூட்டம் கிறிஸ்துமஸுக்குக்கூட வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் கிடாய் விஷயத்தில் கரைகண்டவர்கள். தண்ணீர் பற்றாது என்றான் ஒருவன். முதுகுத்தண்டில் ஊற்ற வேண்டும் என்றான் இன்னொருவன். உடனே என் குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றினார்கள். ஊற்றுக்கண் சுரக்கச் சுரக்கக் காத்திருந்து, விடியற்காலையிலிருந்து நான் மொண்டு வைத்த குடிதண்ணீர் அது. குடிக்க வழியில்லாத ஊரில் ஓர் ஆட்டைக் குளிப்பாட்டி வேடிக்கை பார்க்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. அதையும் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

"தெசை தப்புங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "சாமி இருக்கற பக்கம் மூஞ்சி இருக்கோணும். உங்க சாமி எந்தப் பக்கமுங்க?"

ஆண்டவர் எங்கும் இருக்கிறார் என்று ஐயா விளக்க ஆரம்பித்தார். அவர் பிறந்த ஊராவது ஒரு பக்கம்தானே இருக்கும் என்று கேட்டார்கள். அது மேற்கே, என்றார் என் வீட்டுக்காரர் வாய் தவறி. உடனே கிடாயைத் தூக்கி எடப்பாடியைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்கள். அது எடப்பாடியைப் பார்த்து ஒருமுறை கனைத்தது. அதோடு சரி.

கடைசியில் பூசாரி அருணகிரியை அழைத்து வந்தார்கள். கிடாயைத் துலுக்க வைப்பதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. அவர் வந்து கிடாயின் காதைத் தடவி, கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, ஐயாவின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"நான் ஊத்துனா இப்பவே துலுக்குமுங்க. ஆனா நான் ஊத்துனா வாரது எங்க முனியப்பனாத்தான் இருக்கும். அப்பறம் கெடா யாருக்குன்னு ஒரு தகராறு வரும். அது நமக்குள்ள வேண்டாமுங்க. நீங்களே ஊத்துங்க."

"நானா!" என்றார் ஐயா.

இதை நான் கண்ணால் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். பாக்கியநாதன் ஐயா வேதசாஸ்திரம் படித்தவர், அஞ்ஞானத்தை எதிர்த்துச் சந்தைகளில் பேசினவர். அவர் குடையை மடக்கி என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, கிடாயின் முன்னால் போய் நின்றார். தண்ணீர் ஊற்றவில்லை. குனிந்து, யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில், "கொஞ்சம் உதறித்தான் தொலையேன்" என்றார்.

கிடாய் அவர் சட்டைப் பொத்தானைத் தின்னப் பார்த்தது.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஊற்றின தண்ணீர் எல்லாம் அதன் மேல் காய்ந்து போயிற்று. யோபு அதுவரை கட்டின கையை அவிழ்க்கவே இல்லை. இப்போது போய்க் கயிற்றை எடுத்தான்.

"செரிங்க" என்றான். "தெரிஞ்சு போச்சு. என்னை உட்டுட்டாரு."

பூசாரிகூடத் தலையைக் குனிந்துகொண்டார். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருஷமாக என் முகத்தை நான் கண்ணாடியில் பார்க்காமல் இருந்ததும் அதற்காகத்தான்.

அப்போது குப்பாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். வேலியைத் தாண்டி அவள் உள்ளே காலெடுத்து வைத்தது அன்றுதான் முதல் தடவை. பக்தியால் இல்லை. புருஷனுக்குக் கூழ் கொண்டுவந்து, காலையிலிருந்து வெயிலில் காத்திருந்த ஆத்திரம்.

"யாரு உட்டா? உட்டிருந்தாத்தான் தேவலையே!" என்று கத்தினாள். "ஏய்யா, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? ஆடு துலுக்கலீன்னா அதுக்கு என்ன கேடு? மாலையோட ஊட்டுக்குப் போவுது, புல்லுத் திங்கப் போவுது. துலுக்குனது நீ! இதே எடத்துல, தை மாசத்துல, தலையில தண்ணி ஊத்துனதும் துலுக்குனியா இல்லியா? ஊரே பாத்துச்சு. துலுக்குன கெடாயை என்ன பண்ணுவாங்க? மடியில வெச்சுக் கொஞ்சுவாங்களா? வெட்டுவாங்க! உன்னை அவரு அன்னிக்கே எடுத்துக்கிட்டாரு. அதுலயிருந்து வெட்டு உழுந்துட்டிருக்குது. மாடு போச்சு, கெணறு போச்சு. இது தெரியாம இன்னொரு ஆட்டைக் கொண்டாந்து நிறுத்தி, எடுத்துக்கறியா எடுத்துக்கறியான்னு கேட்டுட்டு நிக்கறே. அந்த ஆட்டுக்கு இருக்கற அறிவு உனக்கு இல்லியே சாமி! வா ஊட்டுக்கு!"

அவனை அந்தக் கோயிலிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போவதற்காகத்தான் அவள் அதைச் சொன்னாள். அவள் முகத்திலேயே அது எழுதியிருந்தது.

யோபு கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றான். "நீ என்ன சொல்றே? என்னை எடுத்துக்கிட்டாருங்கறியா?"

"எடுத்துக்கிட்டாரு. அதான் இந்தக் கேடு."

அவன் பூசாரியிடம் திரும்பினான். "பூசாரியாரே, ஒருக்காத் துலுக்குன கெடாயை மறுபடி தண்ணி ஊத்திக் கேக்கற மொறை உண்டுங்களா?"

அருணகிரி யோசிக்கவே இல்லை. "கெடையாது. துலுக்குனது துலுக்குனதுதான். அப்பறம் அது கத்துனாலும் செரி, கயித்தை இழுத்துட்டு ஓடுனாலும் செரி, அது சாமியோட சொத்து. திருப்பிக் கேட்டா அதுதான் குத்தம்."

யோபு சிரித்தான். இரண்டு வருஷத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். குப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் கேட்டதே தப்புங்க, ஐயா" என்று போதகரிடம் சொன்னான். "இது துலுக்குனா என்ன, துலுக்கலீன்னா என்ன? நான் கொண்டாந்தது கொண்டாந்ததுதான். அவருக்கு வேணும்னா எடுத்துக்கட்டும், வேண்டாம்னா இங்கியே நிக்கட்டும். நான் ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போவ மாட்டேன்." கோயில் தூணில் கயிற்றைக் கட்டிவிட்டு, மனைவி கையிலிருந்த கூழ்ச் சட்டியை வாங்கி, நின்றபடியே மடமடவென்று குடித்தான்.

அவர்கள் போனபிறகு ஐயா என் வீட்டுக்காரரைத் தனியே அழைத்து, "அந்தப் பெண் சொன்னது உபதேசத்துக்கு ஒத்து வருமா?" என்று கேட்டார். "தப்பு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை ஐயா" என்றார் இவர். ஐயா நனையாத கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிடாயை ஏலம் விட்டார்கள். துலுக்காத கிடாயை யார் வாங்கித் தின்பார்கள்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. ராசப்பனுடைய கருங்கல்லுக்குக்கூடத் துணி துவைக்க ஆகும் என்று ஆள் கிடைத்தது. கிடாயும் பூசணிக்காயும் மட்டும் மிஞ்சின. உபதேசியார் வீட்டில் இருக்கட்டும் என்று ஐயா சொல்லிவிட்டார். கிடாயை எங்கள் கொல்லையில் கொண்டுவந்து கட்டினார்கள். பூசணிக்காய் பீடத்திலேயே கிடந்தது.

எல்லாரும் யோபுவைப் பற்றிச் சந்தோஷப்பட்டார்கள். நான் படவில்லை. குப்பாயி சொன்னது அவனுக்கு மருந்தாக இருந்தது, எனக்கு நெருப்பாக இருந்தது. ரூத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளும்தான் சிலிர்த்தாள். நாற்பது நாள் குழந்தை. சேலத்துப் பெரிய கோயிலில், என் கையில்தான் இருந்தாள். தண்ணீர் பட்டதும் உடம்பை உதறி, முகத்தைச் சுளித்தாள். என் மாமியார், அழாமல் வாங்கிக்கொண்டாளே, புத்திசாலி என்றார்கள். இரண்டு வருஷமாக அது எனக்கு நினைவே வரவில்லை. அன்றைக்கு வந்து தொலைத்தது.

பொழுது சாயும் நேரம். என் வீட்டுக்காரர் ஐயாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அவரோடு பேசிக்கொண்டே பெரிய ரோடுவரை நடந்து போயிருந்தார். கிடாய் நாளெல்லாம் குளித்ததே தவிர, யாரும் அதற்குக் குடிக்கக் கொடுக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றிக்கொண்டு போய் வைத்தேன். அது வாயை மட்டும் வைக்காமல் தலையையே உள்ளே விட்டது. கொம்பு மாட்டிக்கொண்டது. சட்டியைப் பிடித்து இழுத்தேன். தண்ணீர் பூராவும் அதன் கழுத்திலும் முதுகிலும் கொட்டிப் போயிற்று. தலை வெளியே வந்ததும் கிடாய் நாலு காலையும் அகட்டி வைத்து நின்று, காதிலிருந்து வால்வரை, யாரும் குறை சொல்ல முடியாதபடி ஒரு துலுக்குத் துலுக்கியது. என் முகம், புடவை எல்லாம் தெப்பலாக நனைந்தது.

பார்க்க ஓர் ஆள் இல்லை. எனக்கு வந்ததே கோபம்.

"இப்போ துலுக்கறியா? காலையிலேயிருந்து ஊரே காத்துக்கிட்டு நின்னுதே, அப்போ எங்கே போனே? ஒரு மனுஷன் உன் வாசல்லே வந்து, இருக்கியா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டானே, உதறக்கூடவா முடியலை? எல்லாம் முடிஞ்சு, எல்லாரும் போனதுக்கப்புறம் வந்து நிக்கறதிலே என்ன லாபம்? நான் முழங்காலிலே கிடந்தேனே, அப்போ எங்கே போயிருந்தீர்? தண்ணி தண்ணின்னு கேட்டாளே என் குழந்தை, உமக்குக் காது கேக்கலையா? எடுத்துக்கிட்டா சொல்லிட்டு எடுத்துக்கக் கூடாதா? அவ உம்மகிட்டேதான் இருக்கான்னு எனக்கு யாரு வந்து சொன்னா?"

திட்ட ஆரம்பித்தது ஆட்டைத்தான். ஆள் எங்கே மாறியது என்று எனக்குத் தெரியாது. ரூத்து போனதற்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. பதில் ஒன்றும் வரவில்லை. அதற்காக நான் நிறுத்தவும் இல்லை. இரண்டு வருஷத்துப் பாக்கி வாயில் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கேட்க வேண்டியதை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டேன்.

கிடாய் துலுக்கியதை யோபுவிடம் நான் சொல்லவே இல்லை. அது இல்லாமலே கட்டிவிட்டுப் போனவனுக்கு அது எதற்கு?

என் வீட்டுக்காரர் திரும்பி வந்து கொல்லை வாசலில் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. "யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆட்டோடுதான்" என்றேன், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அவர் ஆடு கட்டியிருந்த முளையைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். ஆடு அங்கே இல்லை. அது எப்போதோ கயிற்றை அறுத்துக்கொண்டு, கொல்லையை ஒட்டியிருந்த கோயிலுக்குள் போய், பீடத்தில் முன்னங்காலை வைத்து நின்று, என் பூசணிக்காயைத் தின்றுகொண்டிருந்தது.